மூன்று நாள் கெடுவும் முதல் உப்பும்

அனுப்புநர்:
கா. இருசப்பன், வயது 59,
த/பெ. காசிலிங்கம் (காலமானார்),
உப்பள மேஸ்திரி,
அளத்துமேடு, மரக்காணம் வட்டம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: கருத்தடை தவறினால் உடனே போட வேண்டிய மாத்திரையைக் கடைகளில் தர மறுப்பது – தந்தாலும் எப்போது போடுவது என்று விளங்கச் சொல்லாதது – அதனால் என் அக்காள் மகள் ஷாலினி உயிருக்குப் போராடுவது – மேற்படி குற்றத்தில் மனுதாரருக்கே பெரும்பங்கு இருப்பது – நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

பார்வை: இது குறித்து முன் மனு எதுவும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் எழுதவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாற்பது வருஷமாக வெயிலைக் குடித்து உப்பைத் துப்பி வாழ்ந்துவரும் இருசப்பன் என்கிற நான் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது:

1. இது என் பன்னிரண்டாவது மனு. முதல் பதினொன்றையும் படித்த அலுவலர்கள் தங்கள் அலுவலகத்தில் இன்னும் இருக்கக்கூடும். எங்கள் ஊர்த் தெருவிளக்கு எரியாததால் நிலாவே வழி தெரியாமல் உப்புப் பாத்தியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டது என்று ஒருமுறை எழுதினேன். மின்வாரியத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து சிரித்துவிட்டு பல்பு மாட்டிப் போனார். எங்கள் நிறுத்தத்தில் பேருந்து நிற்காததைப் பற்றி எழுதும்போது, அங்கே காத்திருந்தவருக்குப் பேரன் பிறந்து அந்தப் பேரனுக்கும் மீசை முளைத்துவிட்டது என்று எழுதினேன். பேருந்து நின்றது. இல்லாததைச் சொல்லிச் சிரிக்கவைத்தால்தான் இருக்கிற குறை தீரும் என்பது என் அனுபவம். ஆகவே இந்த மனுவையும் அதே தோரணையில் ஒன்பது பக்கத்துக்கு எழுதினேன்.

2. எழுதியதை ஷாலினியின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினேன். இரத்த அழுத்தத்தினால் அவளுக்குக் கண் மங்கியிருக்கிறது. எழுத்தெல்லாம் புழு மாதிரி நெளியுது என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, “மாமா, இதுல பாதிக்கு மேல புளுகு. படிக்கிறவங்க சிரிச்சிட்டு மடிச்சி வெச்சிருவாங்க. சிரிக்க வைக்கறதுக்கா நான் இங்க படுத்திருக்கேன்?” என்றாள். ஆகவே இது இரண்டாம் படி. பொய்யை நீக்கியிருக்கிறேன். பழக்கதோஷத்தில் நுழைந்துவிட்டவற்றை அவள் பிடித்த இடங்களில் ‘திருத்தம்’ என்று அடைப்புக்குறிக்குள் கொடுத்திருக்கிறேன். அடித்து எழுதினால் மனு செல்லாது என்று யாரோ சொன்னதால் அடிக்கவில்லை.

3. ஷாலினிக்கு வயது இருபத்து நான்கு. என் அக்காள் அஞ்சம்மாளின் ஒரே மகள். கணவன் பரத், கடலுக்குப் போகிறவன், நல்ல பையன், மீனிடம் பேசுகிற அளவுகூட மனிதரிடம் பேசமாட்டான். சென்ற வருஷம் ஜூன் மாதம் ஷாலினிக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதத்தில் தலைவலி என்றாள். வெயில் என்றோம். முகம் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சி வீக்கம் என்றோம். ஒரு மதியம் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்து கைகால் வெட்டி இழுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, பிழைத்தது. ஷாலினி நான்கு நாள் கண் திறக்கவில்லை. (திருத்தம்: இரண்டு நாள். எனக்கு நான்காகத்தான் இருந்தது.)

4. வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பரத் கீழே மருந்து வாங்கப் போயிருந்ததால் ஆண்கள் பக்கத்தில் நான்தான் இருந்தேன். “ரெண்டு வருஷத்துக்கு அடுத்த குழந்தைப் பேச்சே கூடாதுங்க. பிரஷர் இன்னும் இறங்கல. சீக்கிரமே உண்டாயிட்டா இந்தத் தடவ மாதிரி திரும்பி வருவான்னு என்னால சொல்ல முடியாது” என்றார்கள். இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டவன் நான். தங்களுக்கு முன்னால் இதை மறைக்கவில்லை. அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து இன்றுவரை ஒரு எழுத்துகூட மாறாமல் எனக்கு ஒப்பிக்கத் தெரியும். தெரிந்தும் பின்வரும் காரியத்தைச் செய்தேன்.

5. அங்கேயே காப்பர்-டி போட்டுவிடுகிறோம் என்றார்கள். அது மெல்ல மெல்ல மேலே ஏறி நெஞ்சுக்கு வந்துவிடும் என்று என் அக்காள் அழுது ஆர்ப்பாட்டம் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டாள். யார் நெஞ்சுக்கு ஏறியது, எந்த ஊரில் ஏறியது என்று கேட்டால் அக்காளுக்குத் தெரியாது, ஆனால் ஏறும். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிறவன் அந்த ஒன்றுக்குத் திறக்கவில்லை. ஆகவே ஆணுறை என்று முடிவானது. இதற்கு மேல் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்ன இன்னொரு காப்பு இருந்தது: “பால் குடுக்கறா, இன்னும் தலைக்குக் குளிக்கல, அப்புறம் எப்படி நிக்கும்?” இவ்வருடம் பிப்ரவரியில் குழந்தைக்கு எட்டு மாதம். கேழ்வரகுக் கூழ் இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்துவிட்டது. கூழ் கொடுக்க ஆரம்பித்தாலோ, குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டினாலோ அந்தக் காப்பை நம்ப முடியாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

6. இவ்வருடம் பிப்ரவரி மாதம் 5ஆம் தேதி, புதன்கிழமை காலை. பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். பரத் வரப்பின்மேல் வந்து நின்றான். நின்றான் என்றால், ஒரு யுகம் நின்றான். (திருத்தம்: கால் மணி நேரம்.) “ஏம்பா, வலையைக் கடல்ல விட்டுட்டு வந்தவன் மாதிரி நிக்கற?” என்று கேட்டேன். தலையைத் தூக்காமல், முந்தின நாள் இரவு மேற்படி காப்புச் சாதனமானது தன் கடமையிலிருந்து வழுவிக் கிழிந்துபோன விவரத்தை நான்கே சொல்லில் தெரிவித்தான். பின் ஐந்தாவதாக ஒரு சொல் சொன்னான்: “பயமா இருக்குது மாமா.” அவன் பயந்து நான் பார்த்ததில்லை. புயலில் இரண்டு நாள் படகோடு போய்த் திரும்பி வந்து, வந்ததும் சாப்பாடு என்ன என்று கேட்டவன்.

7. இதற்கொரு மாத்திரை உண்டு என்பது எனக்குத் தெரியும். டி.வி.யில் எப்போதோ விளம்பரம் பார்த்தது. அத்துடன் எங்கள் ஊரில் முடியாத காரியத்தை முடித்துத் தருகிறவன் இருசப்பன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். “டேய், மாமா இருக்கேன்டா. பொழுது சாயறதுக்குள்ள மாத்திரை வீட்டுக்கு வந்துரும்” என்று சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

8. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நாற்பத்தேழு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். (திருத்தம்: ஐந்து.) கடைகளின் பெயரை எழுதவில்லை, ஒரு கடை செய்தது அல்ல இது, வழக்கமாகவே இருக்கிறது. முதல் கடையில் நான் சொன்னதும் கடைக்காரர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்து, “இந்த வயசுலயா?” என்றார். இரண்டாவதில், “கலைக்கற மாத்திரையெல்லாம் நாங்க வைக்கறதில்லீங்க” என்றார்கள். இது கலைக்கிறது இல்லை என்று சொல்ல எனக்கும் அப்போது தெரியாது. மூன்றாவதில் டாக்டர் சீட்டு எங்கே என்றார்கள். நான்காவதில் இருந்த பெண், அவருக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும், பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார்; திரும்பி வரவில்லை. ஐந்தாவது கடைக்காரருக்கு என்னைத் தெரியும். “மேஸ்திரி, யாருக்கு? எந்தப் பொண்ணு?” என்று கண்ணைச் சிமிட்டினார். சாதாரண நாளாயிருந்தால் அதற்கு நான் சொல்லியிருக்கும் பதிலில் அவர் கடை ஷட்டரே வெட்கப்பட்டுத் தானாக இறங்கியிருக்கும். அன்று படியிறங்கிவிட்டேன். வெளியே வந்து துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வண்டியை உதைத்தேன். ஐம்பத்தொன்பது வயது ஆம்பிளை நான். எனக்கே இப்படி என்றால் ஒரு பெண் தானே போய்க் கேட்பது எப்படி என்று அப்போதுதான் நினைத்தேன்.

9. பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி எல்லாம் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டேன். அங்கே ஒரு கடையில் கிடைத்தது. கொடுத்தவர் மறுக்கவில்லை, ஆனால் திருட்டு நகையை மாற்றுகிறவர் போல இரண்டு பக்கமும் பார்த்து, செய்தித்தாளில் மடித்து, அதை ஒரு கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, “மூணு நாளைக்குள்ள போடணும்” என்று காதோடு சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. அதனுடன் ஒரு சீட்டு இருந்தது. அதில் எறும்பு கால் வைத்த மாதிரிப் பொடி எழுத்தில் ஆங்கிலம். தமிழ் ஒரு வரி இல்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு மாத்திரை என் சட்டைப்பையில் இருந்தது. முழுசாக ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. இந்த இடத்தை அன்புகூர்ந்து கோடிட்டுக்கொள்ள வேண்டும் ஐயா. அன்று மாலையே அவள் வாயில் அந்த மாத்திரை போயிருக்கலாம்.

10. போகவில்லை. அதன் காரணம் நான். விவரம் பின்வருமாறு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் பாத்தியில் முதல் உப்பு வாரும் நாள். மழைக்காலம் போய்ப் பாத்தியைத் திருத்தி, தண்ணீர் கட்டி, அந்த வருஷத்து முதல் உப்பு திரண்டதும், தொழிலுக்குப் பொறுப்பான வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பட்டினியாக இருந்து, மஞ்சள் தடவிய வாருபலகையால் முதல் வாரல் இழுக்க வேண்டும். பலகை இழுக்கிறவள் வாரி முடியும்வரை முகம் சுளிக்கக் கூடாது, தும்மக் கூடாது. வாந்தி எடுத்துவிட்டாளானால் அந்த வருஷம் உப்பே கலங்கும் என்பது எங்கள் பேச்சு. இந்த முறை பலகை பிடிக்கப்போவது ஷாலினி என்று பொங்கலன்றே ஊரைக் கூட்டி அறிவித்திருந்தேன். “செத்துப் பொழைச்சு வந்த கை. அது பட்டா உப்பு இமயமலை மாதிரி குவியும்” என்று மார்தட்டியிருந்தேன்.

மாத்திரை போட்டால் குமட்டல் வரலாம் என்று கடையில் காத்திருந்தபோது யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது. உடனே என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாளெல்லாம் யாருக்காவது கெடுதல்தான். மூன்று நாள் கெடு இருக்கிறது. செவ்வாய் இரவிலிருந்து எண்ணினால் வெள்ளி இரவு வரை. வெள்ளி காலை வாரல். உப்பைக் கூட்டி மூடிவிட்டு மாலையில் மாத்திரை. கெடுவும் தப்பாது, பூசையும் கெடாது. மின்சாரக் கட்டணத்தைக் கடைசி நாள் கட்டினாலும் அபராதம் இல்லை, வரிசைகூட இருக்காது. ரேஷன் அரிசியை முப்பதாம் தேதி வாங்கினாலும் அதே அரிசி. பாத்தித் தண்ணீரும் அப்படித்தான். அவசரப்பட்டு வாரினால் சேறு வரும், பொறுத்து வாரினால் உப்பு வரும். பொறுமைக்குக் கூலி கிடைக்கும் என்றே வாழ்ந்தவன் நான். கெடு என்றால் அதுவரை நம்முடையது என்று நினைத்தேன். இந்த மாத்திரைக்கு அப்படி இல்லை என்பதை அறியவில்லை.

11. ஆகவே மாத்திரையை அவளிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் முன்னாடியே போட்டுவிடுவாளோ என்று பயந்து, பாத்தித் தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாய் வைக்கிற மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வியாழக்கிழமை காலை ஷாலினி வந்து கேட்டாள்: “மாமா, இப்பவே போட்டுக்கட்டுமா? மனசு அடிச்சிக்குது.” “கண்ணு, மாமா கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், கம்முனு போ” என்றேன். மாலையில் மறுபடி வந்தாள். இம்முறை கேட்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். “கவர்மென்ட்டே மூணு நாள் டைம் குடுத்திருக்குது, உனக்கென்ன அவசரம்?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவைத்தால் அவள் எப்போதும் சிரித்துவிடுவாள். சிறு பிள்ளையிலிருந்து அப்படி. கவர்மென்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதை இதன்மூலம் எழுத்துமூலமாக ஒப்புக்கொள்கிறேன்.

12. வெள்ளி காலை அவள் பலகை பிடித்தாள். குழந்தையை என் அக்காள் வரப்பில் உட்கார்ந்து வைத்திருந்தாள். வெயில் ஏறுவதற்கு முன் முதல் உப்பு கரைக்கு வந்துவிட்டது. வெண்மை என்றால் அப்படி ஒரு வெண்மை. ஷாலினி தும்மவில்லை, குமட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கெடுவுக்கு இன்னும் நான்கு மணி நேரம் மிச்சம் என்று பரத்திடம் பெருமையாகச் சொன்னேன். அன்று என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த மாவட்டத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். இதில் திருத்தம் எதுவும் இல்லை.

13. அதன்பின் யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. மாத்திரை போட்டாயிற்று, வேலை முடிந்தது. மாதவிலக்கு வராததற்குப் பால் கொடுப்பது காரணமாக இருந்தது. களைப்புக்கு வெயில் இருந்தது. வயிறு கனத்ததற்குப் போன பிரசவம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ஜூன் நடுவில் தலைவலி என்றாள். இந்த முறை நான் வெயில் என்று சொல்லவில்லை. வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்தாம் மாதம். குழந்தை அசைகிறது என்றார்கள். என்ன செய்யலாம், எதில் எவ்வளவு ஆபத்து என்று டாக்டரம்மா அவளிடம் தனியாகப் பேசினார்கள், என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், அது சரிதான். அவள் என்ன முடிவெடுத்தாள், ஏன் எடுத்தாள் என்பதை இம்மனுவில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை.

14. இப்போது ஏழரை மாதம் நடக்கிறது. அழுத்தம் மேலே நூற்று எழுபது, கீழே நூற்றுப் பத்து. பன்னிரண்டு நாளாகக் கட்டிலில் இருக்கிறாள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மேலே எழ மாட்டேன் என்கிறது. மறுபடி கைகால் வெட்டு வந்தால் உடனே கிழித்து எடுத்துவிடுவோம், இரண்டு பேரில் யார் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். வராவிட்டால், பிள்ளை உள்ளே எத்தனை நாள் தங்குகிறதோ அத்தனைக்கும் நல்லது, பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்கள். பொறுக்கக் கூடாத மூன்று நாளில் பொறுக்கச் சொன்னவன் நான். இப்போது பொறுக்க வேண்டிய நாளில் என்னால் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்து நடந்து ஆஸ்பத்திரித் தரையே அரை அடி தேய்ந்துவிட்டது. (திருத்தம்: தேயவில்லை. செருப்பு தேய்ந்தது.)

15. வார்டில் ஃபாயிசா என்று ஒரு நர்ஸ். நான் ஓயாமல் கேள்வி கேட்பதைப் பார்த்து ஒருநாள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து நிமிஷம்தான் ஆனது. அவர் சொன்னது: அந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை; பெண்ணின் முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். பாத்திக்குள் தண்ணீர் வருவதற்கு முன் மடையை அடைப்பது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். முட்டை வந்துவிட்டால் பிறகு மாத்திரையால் ஆவதில்லை. அது எந்த மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாததால், ஒவ்வொரு மணி நேரம் தள்ளும்போதும் மாத்திரையின் பலன் குறைந்துகொண்டே போகும். இதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. பால் கொடுக்கிறவர்கள் போடலாம். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால்தான் மறுபடி போட வேண்டும். வெறும் குமட்டலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஐந்து நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்பர்-டி போடுவார்கள், அது இந்த மாத்திரையைவிடப் பலமான காப்பு. அது நெஞ்சுக்கு ஏறாது. மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். புதன்கிழமை மாலையே கொடுத்திருந்தால் தப்பியிருப்பாளா? அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க அண்ணே. ஆனா வாய்ப்பு நெறய இருந்திருக்கும்” என்றார். உறுதியாகத் தப்பியிருப்பாள் என்றால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பேன். தப்பியிருக்க மாட்டாள் என்றால் கொஞ்சம் தூங்குவேன். இரண்டும் இல்லாமல் போய்விட்டது.

16. ஆகவே தாங்கள் பெரியமனது செய்து கீழ்க்கண்டவற்றுக்கு ஆணையிட வேண்டுகிறேன்:

அ) மரக்காணம் வட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், வீடு வீடாக வரும் கிராம சுகாதார செவிலியர் பையிலும் இந்த மாத்திரை உண்மையில் இருக்கிறதா என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பையைத் திறந்து பார்க்க வேண்டும். பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பதிவேட்டில் எல்லாம் இருக்கும்.

ஆ) மருந்துக்கடைகளில் இதைக் கேட்பவரிடம் யாருக்கு, எதற்கு, என்ன வயது என்று கேட்காமல் கொடுக்கச் சொல்ல வேண்டும். காதோடு சொல்லாமல் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும்: இப்போதே, இன்றைக்கே போடுங்கள் என்று. அரை வாக்கியம் கொடுத்தால் மீதி அரையை என்னைப் போன்றவன் போட்டுக்கொள்வான்.

இ) மாத்திரையுடன் வரும் சீட்டில் தமிழ் இருக்க மேலிடத்துக்கு எழுத வேண்டும். அது டில்லி காரியம், வருஷக்கணக்காகும் என்பார்கள். அதுவரை ஒவ்வொரு மருந்துக்கடையிலும் சுகாதார நிலையத்திலும் ஒரு தமிழ்ப் பலகை மாட்டினால் போதும். பலகையின் வாசகம் இணைப்பில் உள்ளது.

ஈ) பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இந்த விவரத்தைத் தாயிடம் மட்டும் சொல்லாமல் கணவனிடமும், கூட வந்து நிற்கும் மாமன், மச்சான், மாமியார் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். ஏனெனில் முடிவெடுக்கிறது பெரும்பாலும் அவர்கள்தான். அதுவே ஒரு தனிக் குறை. அதற்குத் தனி மனு எழுத வேண்டும்.

17. கடைசியாக, இக்குற்றத்தில் முதல் எதிரியான கா. இருசப்பன் என்பவர்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று தெரியும். ஆகவே மனுதாரரே ஒரு தண்டனையைச் சிபாரிசு செய்கிறார்: எங்கள் உப்புக் கிடங்கின் சாலையோரச் சுவரில் மேற்படி வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுத அனுமதி தர வேண்டும். சுண்ணாம்பும் பெயிண்டும் என்னுடையது. எழுதுவதும் நான்தான். போகிற வருகிறவர்கள் நின்று, “மேஸ்திரி, இது என்ன கண்ராவி? பொண்ணுங்க போற ரோட்டுல” என்று கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் பாரா 10 முதல் 12 வரை உள்ளதை நான் வாயால் சொல்ல வேண்டும். இத்தண்டனையை என் ஆயுள் முழுவதும் அனுபவிக்கச் சம்மதிக்கிறேன். அடுத்த முதல் உப்பு ஜனவரிக்கு மேல். அன்றைக்குப் பலகை பிடிக்க யாரையும் அறிவிக்க மாட்டேன்.

18. என் மற்ற பதினொரு மனுக்களில் எந்த ஒன்றுக்கும் பதில் வராவிட்டாலும் வருந்தியிருக்க மாட்டேன். எழுதும்போதே பாதி சந்தோஷம் கிடைத்துவிடும். இதை எழுதும்போது எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை. இந்த மனு தங்கள் மேசைக்கு வரும் நேரத்தில் ஷாலினி என்ன நிலையில் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். ஆணையிடுவதானால் கெடு முடியும் நாள்வரை வைத்திராமல், படித்த அன்றே இட வேண்டுமென்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டியின் சாவியை இன்னும் இடுப்பில் வைத்திருக்கும்

(ஒப்பம்) கா. இருசப்பன்

இடம்: ஆஸ்பத்திரி வராந்தா
நாள்: 25.08.2025, திங்கட்கிழமை

இம்மனுவை என் மாமா வாசிக்கக் கேட்டேன். திருத்தங்கள் போக மற்றவை உண்மை.

(ஒப்பம்) ப. ஷாலினி
(கண் மங்கலால் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவளுடைய கையெழுத்துதான்.)

இணைப்புகள்:

1. மாத்திரை இருந்த காலி அட்டை.

2. அதனுடன் வந்த ஆங்கிலச் சீட்டு. பூதக்கண்ணாடியும் அனுப்பலாம் என்றிருந்தேன். ஷாலினி வேண்டாம் என்றாள்.

3. பலகைக்கான வாசகம். நான் எழுதியதில் இதிகாச வாடை அடிக்கிறது என்று தள்ளிவிட்டு, ஷாலினி கட்டிலில் படுத்தபடி தானே சொல்ல, நர்ஸ் ஃபாயிசா சரிபார்க்க, நான் எழுதிக்கொண்டது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை:

“உறை கிழிஞ்சாலும், போட மறந்தாலும் பயந்துக்கிட்டு உட்காராதீங்க. மாத்திரை இருக்குது. இது கலைக்கிற மாத்திரை இல்ல. சீட்டு வேணாம். பால் குடுக்கறவங்களும் போடலாம். மூணு நாளுங்கிறது கடைசிக் கெடு, அதுவரைக்கும் வெச்சிருக்கச் சொன்னது இல்ல. கையில கிடைச்ச ஒடனே போடுங்க. அஞ்சு நாளுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தா காப்பர்-டி போடுவாங்க. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வீட்டுல பூசை இருந்தா பூசை நிக்கட்டும். யார் சொன்னாலும் காத்திருக்காதீங்க. உங்க மேல உசுரையே வெச்சிருக்கற மாமா சொன்னாலும்.”